கடைசி நாளில் காலை வாரும் பிரிண்டர்! முதல் குற்றவாளி யார்?

மன்னார்குடி,

"மிஷின் மக்கர் பண்ணுது. நாளைக்கு வாங்க!"

நவம்பர் மாதத்தில் இந்த ஒரு வரி காதில் விழுந்தால் போதும். மன்னார்குடி வட்டார விவசாயிக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும்.

காரணம் இருக்கிறது. சம்பா நெல்லுக்குப் பயிர் இன்சூரன்ஸ் கட்ட வழக்கமாக நவம்பர் 15-ந் தேதிதான் கடைசி. சில வருஷம் தேதியை நீட்டியதும் உண்டு. நீட்டுவார்கள் என்று நம்பி வீட்டில் படுத்துக்கொள்ள முடியுமா? கிராம நிர்வாக அதிகாரியிடம் அடங்கல் வாங்க வேண்டும். ஆதார், பேங்க் பாஸ்புக் இரண்டுக்கும் ஜெராக்ஸ் எடுக்க வேண்டும். சிட்டாவை பிரிண்ட் போட வேண்டும். பிறகு பொது சேவை மையத்திலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ, பேங்கிலோ வரிசையில் நிற்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் பிரிண்டர் காலை வாரும். பந்தலடியில் ஒரு கடை, தேரடியில் ஒரு கடை என்று மழையில் குடையோடு அலைய வேண்டியதுதான்.

ஏன் எப்போதும் அதே நேரத்தில்? மிஷினுக்கு ஏதாவது பஞ்சாங்கம் தெரியுமா?

தெரியாது. ஆனால் மழை தெரியும்!

ஈரம் செய்யும் வேலை

அக்டோபர் முதல் டிசம்பர் வரை டெல்டாவுக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். காற்றெல்லாம் ஈரம். கடையில் பிரித்து வைத்த பேப்பர் கட்டு அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தொட்டால் தெரியாது. மிஷினுக்குத் தெரியும்.

லேசர் பிரிண்டரும் ஜெராக்ஸ் மிஷினும் ஒரே குடும்பம். 1938-ம் வருஷம் அக்டோபர் 22-ந் தேதி நியூயார்க் நகரத்து அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சன் என்பவர் கண்டுபிடித்த வித்தை இது. மின்சாரம் ஏற்றிய தகட்டில் பொடியைத் தூவி, அந்தப் பொடியைப் பேப்பருக்கு மாற்றினார். இன்றைக்கும் அதே கதைதான். டிரம்மில் ஒட்டிய டோனர் பொடியை, மின்சார இழுப்பின் பலத்தில் பேப்பர் தன் பக்கம் இழுக்கிறது. பிறகு சூட்டு ரோலர் அதை உருக்கி ஒட்டுகிறது.

பேப்பரில் ஈரம் இருந்தால் அந்த இழுப்பு கசிந்துபோகும். பொடி முழுசாக வராது. எழுத்து திட்டுத் திட்டாக வெளுத்து நிற்கும். சூட்டு ரோலரில் ஈரம் ஆவியாகி பேப்பர் அப்பளம் போல் சுருளும். இரண்டு பேப்பர் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் போகும். ஜாம்!

கடைக்காரர் கார்ட்ரிட்ஜை மாற்றுவார். அப்போதும் சரியாகாது. ரோலரை மாற்றுவார். சரியாகாது. பாவம், பணம் போனதுதான் மிச்சம். குற்றவாளி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, 500 தாள் கொண்ட ரீம் கட்டாக.

எனவே மழைக்காலத்தில் முதல் சோதனை இதுதான். பிரிக்காத புதுக் கட்டிலிருந்து பத்துத் தாள் எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஒழுங்காக வந்துவிட்டால் மிஷின் நிரபராதி.

ரீமைச் சுற்றியிருக்கும் உறையைக் கிழித்து எறியாதீர்கள். ஈரம் புகாமல் இருக்கத்தான் அந்த உறை. மிச்சத்தை அதே உறையில் மடித்து, மூடி போட்ட டின்னிலோ டிரங்குப் பெட்டியிலோ வையுங்கள். சிமெண்ட் தரையில் வைக்கவே கூடாது. ராத்திரி கடை மூடும்போது தட்டில் மிச்சம் இருக்கும் தாளையும் எடுத்து உள்ளே வைக்க வேண்டும். காலையில் போடும்போது விசிறி போல் விரித்துத் தட்டிப் போடுங்கள்.

உருவத் தெரியாதவர் கெடுத்த மிஷின்

பேப்பர் மாட்டிக்கொண்டால் பலர் செய்வது என்ன? வெளியே தெரியும் நுனியைப் பிடித்து ஒரே இழு!

பேப்பர் கிழியும். நகக்கண் அளவு துண்டு உள்ளே தங்கிவிடும். பேப்பர் வருவதை அறிய உள்ளே ஒரு சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கிறது. துண்டு அதில் சிக்கினால் போச்சு. உள்ளே பேப்பரே இல்லாதபோதும் ஜாம் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். போர்டு போய்விட்டது என்று ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

ஓடவேண்டாம். சுவிட்சை அணையுங்கள். மூடியைத் திறந்து கார்ட்ரிட்ஜை வெளியே எடுங்கள். அதை வெளிச்சத்தில் வைக்காமல் மேலே நியூஸ் பேப்பர் போட்டு மூடுங்கள். டிரம்முக்கு வெளிச்சம் ஆகாது. பேப்பரின் இரண்டு ஓரத்தையும் இரண்டு கையால் பிடித்து, அது போகிற திசையிலேயே மெதுவாக உருவுங்கள். பிறகு டார்ச் அடித்துத் துண்டு தேடுங்கள். சூட்டு ரோலர் பக்கம் உடனே கை போகக்கூடாது. ஓடும்போது அது 200 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும்.

பேப்பரை இழுக்காமல் மிஷின் வெறுமனே கர் கர் என்கிறதா? இழுக்கும் ரப்பர் ரோலரில் பேப்பர் தூசி படிந்து வழவழவென்று ஆகியிருக்கும். நூல் பிரியாத துணியை லேசாக நனைத்து, பிழிந்து, அழுத்தித் துடைத்துக் காயவிடுங்கள். ரோலர் தேய்ந்திருந்தால் மட்டும் புதுசு.

கறுப்புக் கோடா? வெள்ளைக் கோடா?

போலீசுக்குக் கைரேகை மாதிரி, பிரிண்டருக்குக் கோடு.

மேலிருந்து கீழே ஒரே நேராக வெள்ளைக் கோடு விழுந்தால், டோனர் தீருகிறது, அல்லது லேசர் வெளிச்சம் வரும் கண்ணாடியில் தூசி. கார்ட்ரிட்ஜைக் கழற்றி இடமும் வலமுமாக ஐந்தாறு தடவை ஆட்டிப் போட்டால் இன்னும் கொஞ்சம் ஓடும். அவசரத்துக்கு அது போதும்.

கறுப்புக் கோடு நேராக விழுந்தால், டிரம்மில் கீறல். இல்லையென்றால் அதைத் துடைக்கும் பிளேடு தேய்ந்துவிட்டது.

ஒரே கறை திரும்பத் திரும்ப விழுகிறதா? ஸ்கேலை எடுங்கள். கறைக்கும் கறைக்கும் சுமார் 75 மில்லிமீட்டர், அதாவது 3 அங்குலம் இருந்தால், சின்ன லேசர் மிஷின்களில் குற்றவாளி டிரம். அது ஒரு சுற்றுச் சுற்றும் தூரம் அவ்வளவுதான். வேறு அளவு என்றால் வேறு ரோலர். மெக்கானிக் வருமுன் இந்த அளவைக் குறித்து வையுங்கள். "எல்லாத்தையும் மாத்தணும் சார்" என்கிற பேச்சு அங்கேயே அடங்கிவிடும்.

பக்கமெல்லாம் அழுக்குப் படலமா? ரீபில் செய்தவரைக் கேளுங்கள். கார்ட்ரிட்ஜுக்குள் கழிவுப் பொடி சேர ஒரு தனி அறை உண்டு. அதைக் காலி செய்யாமல் புதுப் பொடியை மட்டும் நிரப்பினால், கழிவு வழிந்து பேப்பரில் கொட்டும். பாதி விலைக்கு ரீபில் என்று ஓடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

விரலால் தேய்த்தால் எழுத்து உதிர்கிறதா? பொடி உருகவில்லை. சூட்டு ரோலரில் கோளாறு. இது நம்ம வேலை இல்லை, மெக்கானிக் வேலை.

பொடி கையில் கொட்டினால் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் ஊற்றினால் அது கரைந்து ஒட்டிக்கொள்ளும்.

நம்மூரில் பல கடைகளில் பார்க்கிற 12ஏ கார்ட்ரிட்ஜ் 2,000 பக்கம் ஓடும் என்று கம்பெனிக் கணக்கு. பக்கத்தில் 5 சதவீதம் மட்டும் கறுப்பு இருந்தால்தான் அந்தக் கணக்கு. நாம் அடிப்பதோ ஆதார் போட்டோவும் கறுத்துப்போன பாஸ்புக் அட்டையும். அதற்கு முன்பே தீர்ந்தால் ரீபில்காரர் மேல் பாயாதீர்கள்.

ஜெராக்ஸில் மட்டும் கோடு, கம்ப்யூட்டரிலிருந்து அடித்தால் கோடு இல்லையா? மேலே கண்ணாடியில் ஒயிட்னரோ பசையோ ஒட்டியிருக்கும். துடைத்தால் போச்சு.

மிஷினா? கம்ப்யூட்டரா?

இன்னொரு விதத் தொல்லை. மிஷின் நன்றாக இருக்கும், பிரிண்ட் மட்டும் வராது.

ஜெராக்ஸ் வசதி உள்ள மிஷின் என்றால், கம்ப்யூட்டரைத் தொடாமல் ஒரு பக்கம் ஜெராக்ஸ் போடுங்கள். வந்தால் கோளாறு கேபிளிலோ கம்ப்யூட்டரிலோதான். டெல்டாவில் எலிக்குப் பஞ்சமில்லை. கேபிளைக் கடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கரண்ட் போய் வந்த பிறகு "ஆப்லைன்" என்று காட்டுகிறதா? வைபையில் ஓடும் பிரிண்டர் என்றால், மோடம் அதற்குப் புது விலாசம் கொடுத்திருக்கும். கம்ப்யூட்டர் பழைய விலாசத்தில் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். பிரிண்டருக்கு நிலையான விலாசம் போட்டு வைக்கலாம். கடைக்கு யு.எஸ்.பி. கேபிளே நல்லது.

ஒரு பிரிண்ட் சிக்கி, பின்னால் இருபது பிரிண்ட் வரிசையில் நிற்கிறதா? விண்டோஸில் "சர்வீசஸ்" திறந்து "பிரிண்ட் ஸ்பூலர்" என்பதை நிறுத்துங்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று உள்ளே போய், அங்கிருக்கும் பைல்களை மட்டும் அழித்துவிட்டு மறுபடி ஓடவிடுங்கள். கவனம், பக்கத்து போல்டரில் கை வைக்காதீர்கள்!

தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வந்தால் பி.டி.எப். திறக்கும் அடோபியில் "படமாக அச்சிடு" என்ற வசதி இருக்கிறது. அதை டிக் செய்தால் திரையில் தெரிகிறபடியே வரும்.

கடைசி வரி மட்டும் காணோமா? பேப்பர் அளவைப் பாருங்கள். அமெரிக்க "லெட்டர்" அளவின் உயரம் 279 மில்லிமீட்டர். நம்ம ஏ4 297. கம்ப்யூட்டரில் லெட்டர் என்று இருந்தால் 18 மில்லிமீட்டர் தகராறு. அதில் அடி வரி போய்விடும்.

இங்க் டேங்க்

கலர் அடிக்கும் இங்க் டேங்க் மிஷினைப் பத்து நாள் மூடி வைத்தால் இங்க் காய்ந்து துவாரம் அடைக்கும். வாரம் ஒரு கலர் பக்கம் அடியுங்கள். அணைக்கும்போது மிஷினில் உள்ள பட்டனால்தான் அணைக்க வேண்டும். சுவரில் சுவிட்சைத் தட்டினால் இங்க் தலை தன் மூடியில் போய் உட்காராமல் நடுவிலேயே நின்று காயும்.

சோதனைக் கோடு போட்டுப் பார்த்து, விட்டுப்போயிருந்தால் ஹெட் கிளீனிங் கொடுங்கள். இரண்டு மூன்று முறைக்கு மேல் வேண்டாம். ராத்திரி விட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். சிலர் இருபது முறை அடிப்பார்கள். அந்த இங்க் எல்லாம் எங்கே போகிறது? மிஷின் அடியில் உள்ள பஞ்சு குடிக்கிறது. பஞ்சு நிரம்பினால் மிஷினே வேலை நிறுத்தம் செய்துவிடும்!

இன்னொன்று. இங்க் டேங்கில் அடித்த காகிதத்தில் மழைத் துளி பட்டால் பெரும்பாலும் எழுத்து கரையும். லேசர் எழுத்து கரையாது. அடை மழையில் தாலுகா ஆபீஸ் போகிறவர் லேசர் கேட்டு வாங்குவது உத்தமம். பிளாஸ்டிக் உறையும் தேவை.

டக டக மிஷின், உரக்கடை சீட்டு

ரைஸ் மில்லிலும் லாரி ஆபீசிலும் டக டக என்று ஓடும் டாட் மேட்ரிக்ஸ் உழைப்பாளி. எழுத்தின் நடுவே படுக்கைவாட்டில் வெள்ளைக் கோடு ஓடினால் ஊசி உடைந்திருக்கிறது. மங்கினால் ரிப்பன். கார்பன் காப்பி தெரியாவிட்டால், தாளின் தடிமனுக்கு ஏற்ப வைக்கும் நெம்புகோல் தவறான எண்ணில் இருக்கும்.

உரக்கடையில் கை வைத்து மானிய உரம் வாங்கும்போது தரும் சீட்டு வேறு ரகம். அதில் மையே கிடையாது. சூடு பட்டால் பேப்பரே கறுக்கும். வெறும் தாளாக வந்தால் ரோல் திருப்பி மாட்டியிருக்கிறது. நகத்தால் கீறிப் பார்த்து, கறுக்கும் பக்கம் சூட்டுத் தலையைப் பார்க்கும்படி மாட்ட வேண்டும். அந்தச் சீட்டு நாளாக ஆக மங்கும். அன்றே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் செய்தீர்களோ, சீட்டு முழுக்கக் கறுத்துவிடும்!

யு.பி.எஸ். வேண்டாம்

2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் அடித்து, நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் தவித்த ஊர் இது. யு.பி.எஸ்., ஜெனரேட்டர் எல்லாம் நமக்குப் பழக்கம். ஆனால் லேசர் பிரிண்டரை சின்ன யு.பி.எஸ்.ஸில் மாட்டாதீர்கள். சூட்டு ரோலர் ஒரேயடியாக இழுக்கும் கரண்டைத் தாங்காமல் யு.பி.எஸ். கத்தி அணையும். கம்ப்யூட்டரும் சேர்ந்து அணையும். பாதியில் நின்ற விண்ணப்பத்தை மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ்., பிரிண்டருக்கு நேர் கரண்ட். இடி மின்னல் என்றால் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

கவுண்டரில் நிற்பவருக்கும் வேலை உண்டு. காசு கொடுக்குமுன் சிட்டாவில் சர்வே எண், உட்பிரிவு, விண்ணப்பத்தில் பேங்க் கணக்கு எண் மூன்றையும் விரல் வைத்துப் படியுங்கள். மங்கலான பிரிண்டில் 3-ம் 8-ம் ஒன்றுபோல் தெரியும். கியூ.ஆர். கட்டத்துக்கு நேரே செல்போனைக் காட்டிப் பாருங்கள். போன் படிக்காவிட்டால் இன்னொரு பிரிண்ட் கேளுங்கள். கொடுக்கத்தான் வேண்டும்.

ஈரம் ஏறிய ரீம் கட்டை என்ன செய்வது என்று கடைக்காரர்கள் கேட்கலாம். வெயிலில் காயவைத்தால் சுருண்டு மறுபடி ஜாம்தான். அதை பில் எழுத, கணக்குப் போட, பொட்டலம் கட்ட வைத்துக்கொள்ளலாம்.