தூக்கி அடிக்காதே, மக்கா!

குமரிக் கடற்கரையில் நீரோடி, வள்ளவிளை, தூத்தூர் என்று எந்த ஊருக்கு வேண்டுமானாலும் சாயங்காலமாகப் போய்ப் பாருங்கள், பந்து உருண்டுகொண்டிருக்கும். கரையில் நின்று பார்ப்பவர்களுக்கு ஒரே ஒரு மந்திரம்தான் தெரியும். எதிரணி ஒரு கோல் போட்டதுமே ஆரம்பித்துவிடுவார்கள்: 'தூக்கி அடில மக்கா!'

அவ்வளவுதான். அதுவரை காலுக்குக் கால் அழகாகப் பாஸ் கொடுத்த பையன்கள், பந்தை நேரே வானத்துக்கு அனுப்புவார்கள். நடுக்கள ஆட்டக்காரர்கள் அண்ணாந்து பார்த்துப் பார்த்து, ராத்திரி கழுத்துக்குத் தைலம் தேய்க்க வேண்டியதுதான்!

இந்த அவசரம் நம்மூர்ச் சொத்து மட்டுமல்ல. அமெரிக்காவில் ஒரு கால்பந்து உண்டு. பேர்தான் கால்பந்து, பந்து பெரும்பாலும் கையில். அதை அணைத்துக்கொண்டு முட்டி மோதி ஓடுவது ஒரு வழி. தூர எறிவது இன்னொரு வழி. ஓடினால் கொஞ்ச தூரம்தான் கிடைக்கும். ஆனால் கூடவே கடிகாரமும் ஓடும். 2017 பிப்ரவரியில் சூப்பர் பவுல் இறுதியாட்டம். அட்லாண்டா 28-3 என்று முன்னணியில் இருந்தது. ஓடி ஓடியே நேரத்தைக் கரைத்திருக்கலாம். கடைசிக் கட்டத்திலும் எறியத்தான் பார்த்தார்கள். நடுவில் பந்தும் பறிபோனது. நியூ இங்கிலாந்து 34-28 என்று ஜெயித்தது!

அந்த ஓட்டத்துக்கு நம் ஆட்டத்தில் சமம், தரையோடு போகும் குட்டிப் பாஸ். பி.காம். பாஷையில் சொன்னால் குட்டிப் பாஸ் என்பது மாசாமாசம் கட்டும் ஆர்.டி. தூக்கி அடிப்பது, களியக்காவிளை தாண்டிப் போய் வாங்கும் லாட்டரிச் சீட்டு. பரிசு விழாது என்று சொல்லவில்லை. விழும்... யாருக்கோ!

பந்து மேலே போனதும் அது யாருடைய சொத்தும் இல்லை. உயரமானவன் தலைக்குப் போகும், இல்லாவிட்டால் கடல்காற்று தள்ளிய பக்கம் போகும். அதைத் துரத்தி முன்னே இருப்பவர்கள் ஓட, பின்னே இருப்பவர்கள் தங்கிவிட, நடுவில் ஒரு கல்யாண மண்டபமே கட்டலாம். அடுத்த கோல் அந்த வழியாகத்தான் வரும்.

முதல் கோல் எப்படி விழுந்தது என்று யாராவது கேட்கிறார்களா? நம் பாஸ்களையே திரும்பத் திரும்பப் பறித்து அடித்தார்கள் என்றால் மாற்றத்தான் வேண்டும். பின்கள ஆட்டக்காரர் வழுக்கி விழுந்ததால் வந்த கோல் என்றால், பாஸ் என்ன பாவம் செய்தது? பதினைந்தாம் நிமிஷம் கோல் வாங்கினால் இன்னும் 75 நிமிஷம் பாக்கி இருக்கிறதே, ஸார்!

2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியம். ஐ-லீக் கடைசி நாள். அக்பர் நவாஸ் பயிற்சியில் அந்த சீசன் முழுக்கப் பாஸ் ஆட்டத்தையே நம்பிய சென்னை சிட்டி, மினர்வா பஞ்சாபிடம் மூன்றாம் நிமிஷமே கோல் வாங்கியது. அதே நேரம் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் காத்திருந்தது. பாதி ஆட்டம் முடிந்தும் 0-1. பதறவில்லை. 56-ஆம் நிமிஷம் பெட்ரோ மான்ஸி பெனால்ட்டியில் சமன் செய்தார். அப்புறம் கௌரவ் போரா இரண்டு கோல். 3-1! ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் சாம்பியன்.

அதே சென்னை சிட்டியில் முன்பு ஆடியவர்தான் நம் இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ். அங்கிருந்து ஜாம்ஷெட்பூர், ஏ.டி.கே. என்று போய், 2019-இல் இந்திய அணிக்கும் ஆடினார். பந்து காலில் இருந்தால்தானே அந்த இடது காலின் அருமை தெரியும்? தலைக்கு மேலேயே பறந்தால், ஆள் பார்க்க வந்தவர் எதைப் பார்ப்பார், காக்காயையா? கரையோரப் பையன்களுக்குப் பந்து வெறும் பொழுதுபோக்கு இல்லை. கிளப் ஒப்பந்தமும் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலையும் அந்தக் காலை நம்பித்தான்.

கடைசி ஐந்து நிமிஷம், முன்களத்தில் ஒரு நெட்டையன் நிற்கிறான் என்றால் தாராளமாகத் தூக்கி அடிக்கட்டும். நானும் சேர்ந்து கத்துகிறேன். அதற்கு முன்னால் தொண்டை அரித்தால், முதலில் வாட்சைப் பாருங்கள். பிறகு கத்துங்கள்: 'கீழ வச்சு ஆடுல மக்கா!'