திரட்டிலிருந்து உறுப்புகளை நீக்கல் (நிரலாக்கம்)

கணினி நிரலாக்கத்தில், ஒரு திரட்டிலுள்ள உறுப்புகளில் வேண்டாதவற்றை விலக்கி மற்றவற்றை மட்டும் பெறுவது வடிகட்டல் எனப்படும். பட்டியல், அணி, கணம் போன்ற தரவுத் திரட்டுகள் அனைத்திலும் இது பயன்படுகிறது. ஒவ்வோர் உறுப்பையும் ஒரு நிபந்தனையால் சோதித்து, வைப்பதா விலக்குவதா என்று முடிவு செய்வதே இதன் அடிப்படை.

எடுத்துக்காட்டு

காஞ்சிபுரத்துக் கோயில்களின் பட்டியல் ஒன்றில் பின்வரும் நான்கு பெயர்கள் இந்த வரிசையில் இருப்பதாகக் கொள்வோம்.

1. கைலாசநாதர் கோயில்
2. வரதராஜப் பெருமாள் கோயில்
3. வைகுண்டப் பெருமாள் கோயில்
4. ஏகாம்பரநாதர் கோயில்

சிவன் கோயில்கள் மட்டும் வேண்டுமெனில், "பெருமாள்" என்ற சொல் உள்ள பெயர்களை விலக்கலாம். முதலாவதும் நான்காவதும் எஞ்சும்.

சுற்றின் நடுவே நீக்குவதால் வரும் பிழை

பட்டியலை முதலிலிருந்து படித்துக்கொண்டே அதே பட்டியலில் நீக்கினால் விடை தவறும். இரண்டாம் பெயரை நீக்கியதும் வைகுண்டப் பெருமாள் கோயில் இரண்டாம் இடத்துக்கு நகர்கிறது. நிரலோ அடுத்து மூன்றாம் இடத்தைப் பார்க்கிறது. அங்கே இப்போது ஏகாம்பரநாதர் கோயில் உள்ளது. ஆகவே வைகுண்டப் பெருமாள் கோயில் சோதிக்கப்படாமலே பட்டியலில் தங்கிவிடும். பைத்தான் இப்பிழையை அறிவிப்பதில்லை. ஜாவா பெரும்பாலும் பிழை காட்டி நின்றுவிடும்.

வேண்டியவற்றைப் புதிய பட்டியலில் சேர்ப்பதே பாதுகாப்பான முறை. அதே பட்டியலைத்தான் மாற்ற வேண்டுமெனில் கடைசியிலிருந்து முன்னோக்கி வரலாம்.

நிரல்மொழிகளில்

பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றின் "ஃபில்டர்" செயற்கூறு, நிபந்தனை உண்மையாகும் உறுப்புகளை வைத்துக்கொள்ளும். ஜாவா 8 பதிப்பில் வந்த "ரிமூவ்இஃப்" இதற்கு நேர்மாறானது. நிபந்தனை உண்மையாகும் உறுப்புகளை நீக்கிவிடும். இவ்வேறுபாட்டைக் கவனிக்காமல் நிபந்தனையை அப்படியே எடுத்து எழுதினால், வேண்டியவை போய் வேண்டாதவை எஞ்சும்.

நிபந்தனையைத் தேர்தல்

மேற்கண்ட பட்டியலில் யதோக்தகாரி கோயிலையும் சேர்த்தால் பெயர்வழி நிபந்தனை பொய்த்துவிடும். திருவெஃகா எனப்படும் அத்தலம் திருமாலுக்குரியது. ஆனால் அப்பெயரில் "பெருமாள்" இல்லை. எனவே ஒவ்வொரு கோயிலுக்கும் மூலவர் யார் என்பதைத் தனிப் புலமாகப் பதிந்து, அதன்படி வடிகட்டுவதே சரி.

தமிழ்த் தரவில் கவனிக்க வேண்டியது

அதே கோயில் சொன்னவண்ணம் செய்த பெருமாள் கோயில் என்றும் வழங்கும். ஒருங்குறியில் "சொ" எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் பதியலாம்; ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறியெண்களாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரிந்தாலும் கணினிக்கு அவை வேறு சரங்கள். இதனால் முழுப்பெயரைக் கொடுத்து விலக்க முயன்றாலும் அக்கோயில் பட்டியலிலேயே இருந்துவிடக்கூடும். ஒப்பிடும் முன் இரு சரங்களையும் ஒருங்குறி இயல்பாக்கத்தால் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்தால் இச்சிக்கல் தீரும். பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் இதற்கான வசதி உள்ளது.