இரைச்சலுக்குள் ஒரு வீணை

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பழைய கட்டடங்கள் இடிபட்டு அடுக்குமாடிகள் எழும்பி வருகின்றன. வீடு காலி செய்யும்போது பரணிலிருந்து இறங்கும் சாமான்களில் தாத்தா காலத்து கிராமபோன் தட்டுகளும் இருப்பதுண்டு. "ஒரே இரைச்சல், இதை இனி யார் கேட்கப் போகிறார்கள்?" என்று பங்கார்காரரிடம் போட்டுவிடுகிறோம். கேட்கும் முறை தெரிந்துவிட்டால் அப்படிப் போட மனம் வராது என்பது என் எண்ணம். இதற்கு வீணை தனம்மாளின் இசைத்தட்டுகளையே உதாரணமாகச் சொல்வேன்.

சென்னையில் வாழ்ந்த தனம்மாளின் காலம் 1867 முதல் 1938 வரை. வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் நடந்த வாசிப்பைக் கேட்கப் பெரிய வித்வான்களும் வந்து அமர்வார்கள். விரலில் கம்பி மாட்டாமல் வெறும் விரலாலேயே மீட்டுவார். நாதம் அவ்வளவு மென்மையானது. சங்கீதத்தில் பெயர் பெற்ற பிருந்தாவும் முக்தாவும், நாட்டியத்தில் புகழ் பெற்ற பாலசரஸ்வதியும் இவருடைய பேத்திகள்.

இந்தியாவில் இசைத்தட்டுக்கான ஒலிப்பதிவு 1902-இல் தொடங்கியது. அப்போது மைக் கிடையாது. பெரிய புனலுக்கு முன்னால் உட்கார்ந்து உரக்கப் பாட வேண்டும். மெல்லிய வீணைக்கு அது ஒத்துவராது. 1925-க்குப் பின் மின்சார ஒலிப்பதிவு பரவிய பிறகே இத்தகைய நாதம் தட்டில் ஓரளவு சரியாகப் பதிந்தது. 1930-களின் தொடக்கத்தில் கொலம்பியா நிறுவனம் தனம்மாளைப் பதிவு செய்தபோது அவருக்கு அறுபது வயது கடந்துவிட்டது.

ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு நிமிடங்களே அடங்கும். ஆகவே விஸ்தாரத்தைத் தேடக் கூடாது. சாறு பிழிந்ததுபோல் எது மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். நான் ஒவ்வொரு தட்டையும் மூன்று முறை கேட்பேன். முதல் முறை இரைச்சல் காதுக்குப் பழகட்டும். மழை பெய்யும்போது பேசுகிறவர் குரலைப் பிரித்துக் கேட்கிறோமே, அதுபோலத்தான். இரண்டாம் முறை மீட்டுகளை மட்டும் கவனியுங்கள். மூன்றாம் முறை இரண்டு மீட்டுகளுக்கு நடுவே நடப்பதைக் கேளுங்கள். ஒரே மீட்டில் தந்தியை இழுத்து எத்தனை ஸ்வரங்களைத் தொட்டு வருகிறார் என்பது அங்கேதான் புலப்படும். இதை ஸ்வரக் குறிப்பாக எழுதி வைக்க முடியாது. தட்டு போனால் அதுவும் போயிற்று.

இரண்டு எச்சரிக்கைகள். பழைய தட்டுகள் எல்லாமே சரியாக 78 சுற்றில் பதிவானவை அல்ல. 74 சுற்றில் பதிவானதை 78-இல் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ அரைக்கட்டை ஏறிவிடும், விறுவிறுப்பும் பொய்யாகும். அடுத்து, இணையத்தில் கிடைக்கும் 'சுத்தப்படுத்திய' பதிவுகள். இரைச்சலை அளவுக்கு மீறித் துடைத்தால் தந்தியின் கார்வையும் சேர்ந்து போய்விடும். கொஞ்சம் இரைச்சலோடு இருப்பதையே தேர்ந்தெடுங்கள்.

மேல்நாட்டுப் பியானோ ரசிகர்கள் இதை எப்போதோ உணர்ந்துவிட்டார்கள். ஷோபின் இசைக்குப் பேர்போன ஆல்ஃபிரட் கோர்த்தோ (1877–1962) தட்டுகளில் தவறான ஸ்வரங்கள் ஆங்காங்கே விழும். ஆனாலும் அவற்றைத் தேடிப் பிடித்துக் கேட்கிறார்கள். அந்த வாசிப்பில் உள்ள பாவம் இன்றைய பிசிறில்லாத பதிவுகளில் எளிதில் கிடைப்பதில்லை என்பதே காரணம்.

நம் பிள்ளைகள் ஷண்முகானந்தா போன்ற, இரண்டாயிரம் பேருக்கு மேல் அமரும் அரங்குகளில் மைக் வழியாகவே வீணை கேட்டு வளர்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சின்ன அறையில், பக்கத்தில் இருப்பவர் இருமினால்கூடத் தடைபடும் வாசிப்பு ஒன்று இருந்தது என்பதற்கு இந்தத் தட்டுகளே சாட்சி.

ஆகவே பரணில் தட்டுகள் இருந்தால் படுக்கையாக அடுக்காமல் நெட்டுக்குத்தாக நிறுத்தி வையுங்கள். அரக்கு கலந்தவை என்பதால் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே கூடாது, கரைந்துவிடும். எல்.பி. ஊசியையும் வைக்காதீர்கள், 78 தட்டின் பள்ளம் அகலமானது, அதற்குத் தடித்த ஊசி வேண்டும். கருவி இல்லாதவர்கள் பங்கார்காரரைக் கூப்பிடுமுன், பழைய தட்டுகளைச் சேகரிப்பவர் யாரையாவது விசாரித்து, ஒரு பிரதியாவது பதிவு செய்து வாங்கிக்கொள்ளுங்கள்.