தலைக்கவசம் வாங்கப் போகிறீர்களா?

இந்தப் பக்கத்தில் வழமையாக நான் வருமானவரி, வற் வரி, ஓய்வூதியம் என்று கணக்குவழக்குகளைத்தான் எழுதுவேன். இம்முறை மோட்டார் சைக்கிள் ஓடுபவர்கள் அணியும் தலைக்கவசம் பற்றி, அதாவது நாங்கள் எல்லோரும் பேச்சில் சொல்லும் ஹெல்மெற் பற்றி எழுதுகிறேன். சென்ற மாதம் வரிக் கேள்வி பதில் நிகழ்ச்சிக்கு ஒரு தாயார் தொலைபேசி எடுத்தார். "மகன் சாப்பாடு டெலிவரி செய்யிறதுக்கு ஸ்கூட்டர் எடுத்திட்டான். வேண்டாம் எண்டு சொல்லிச் சண்டை பிடிச்சு, இப்ப அவனோட கதைக்கிறேல்லை. அவன் வாங்கின ஹெல்மெற்றைச் செலவுக்கணக்கில காட்டலாமோ?" என்று கேட்டார். சுயதொழிலாகச் செய்பவர், வேலைக்குப் பாவிக்கும் அளவுக்குக் காட்டலாம், பற்றுச்சீட்டை வைத்திருக்கச் சொல்லுங்கோ என்று பதில் சொன்னேன். பிறகு, என்ன ஹெல்மெற் வாங்கினவர் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

என் தங்கச்சி வீட்டிலும் இதே கதைதான். அவளும் மகனை மோட்டார் சைக்கிள் வேண்டாம் என்றாள். அவன் கேட்கவில்லை. பல்கலைக்கழகம் முடிந்து வந்து பின்னேரங்களில் 125 சி.சி. ஸ்கூட்டரில் சாப்பாடு கொண்டுபோகிறான். வேண்டாம் என்று சொன்ன பிறகு அவன் தலையில் என்ன போடுகிறான் என்று பார்ப்பது, சம்மதம் கொடுத்ததாகிவிடும் என்று அவள் நினைத்தாள். ஆகவே அவன் தனியே போய் யாரோ ஒருவரிடம் பாவித்த ஹெல்மெற் ஒன்றை நாற்பது பவுணுக்கு வாங்கிக்கொண்டு வந்தான். எங்கள் வீடுகளில் பிள்ளைகள் மோசமான தலைக்கவசம் வாங்குவதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். 1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஒரு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியவர்கள். இரவில் விமானத்துக்குப் பயந்து விளக்குப் போடுவதில்லை. என்னோடு வணிகம் படித்த நண்பன் ஒருவன் அப்படி ஓர் இரவு வளைவில் மதகோடு மோதி விழுந்தான். உடம்பில் பெரிய காயம் ஒன்றுமில்லை. தலையில் மட்டும்தான் அடி. இரண்டு நாளில் முடிந்துவிட்டது. ஷெல்லுக்கும் குண்டுக்கும் தப்பியவன். அந்த நாட்களில் எங்களில் யாரிடமும் தலைக்கவசம் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் போட்டிருப்போமோ என்பது வேறு விடயம்.

இங்கே பிரித்தானியாவில் இந்தக் கவசத்தின் கதையும் ஒரு சாவில்தான் தொடங்கியது. 1935 மே மாதத்தில், அரேபியாவின் லோரன்ஸ் என்று உலகம் அறிந்த ரி.ஈ. லோரன்ஸ், டோர்செற்றில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து ஆறு நாள் நினைவு திரும்பாமலே இறந்தார். தலையில் கவசம் இல்லை. அவரைப் பார்வையிட்ட வைத்தியர்களில் ஒருவர் அவுஸ்திரேலியாவில் பிறந்த மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹியூ கெயான்ஸ். அந்தச் சாவு அவர் மனதை விட்டுப் போகவில்லை. யுத்தக் காலத்தில் இராணுவத் தபால்காரர்களாக மோட்டார் சைக்கிள் ஓடியவர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டில் இராணுவம் அவர்களுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்குச் சட்டம் வந்தது 1973இல். கெயான்ஸ் 1952இலேயே காலமாகிவிட்டார்.

பிரயோசனம் எவ்வளவு? பல நாட்டு ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2008இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வின்படி, விபத்தில் சிக்கும் ஓட்டுனர் சாகும் அபாயத்தைத் தலைக்கவசம் ஏறக்குறைய 42 வீதமும் தலைக்காயம் ஏற்படும் அபாயத்தை 69 வீதமும் குறைக்கிறது.

இந்த வேலையைச் செய்வது வெளியே பளபளக்கும் ஓடு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஓடு கூர்மையான பொருட்களைத் தடுக்கும், தாரில் வழுக்கிக்கொண்டு போக உதவும். உயிரைக் காப்பது அதற்குள் இருக்கும் ரெஜிபோம். தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வைத்து வருமே, அதே இனம், ஆனால் கணக்காகச் செய்த இறுக்கத்தோடு. தலை மோதும்போது அது நசுங்குகிறது. நசுங்கும் அந்தச் சொற்ப நேரத்தில் தலையின் வேகம் குறைகிறது. மண்டையோடு சடுதியாக நின்றால் உள்ளே இருக்கும் மூளை நிற்காமல் போய் அடிபடும். சட்டியைச் சடாரென்று வைத்தால் தயிர் குலைவதுபோல. ஒருமுறை நசுங்கிய ரெஜிபோம் திரும்பி எழும்பாது. வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாமல் உள்ளே நசுங்கியிருக்கலாம். பாவித்த ஹெல்மெற் வாங்கக்கூடாது என்பது இதனால்தான்.

மருமகன் அந்த நாற்பது பவுண் கவசத்தைக் காட்டி, "மாமா, இது புதுசா எடுத்தா முன்னூறு பவுண் வரும்" என்று பெருமையாகச் சொன்னான். "ஆர் போட்டது, எப்ப விழுந்தது எண்டு கேட்டனீயோ?" என்றேன். கேட்கவில்லை. பிறகு கார்த்திகை மழையில் வீதியின் இரும்பு மூடி ஒன்றில் சில்லு வழுக்கி அவனே விழுந்தான். தோளும் தலையும் அடிபட்டன. கடவுள் புண்ணியத்தில் கைச்சிராய்ப்போடு போயிற்று. அதே ஹெல்மெற்றை இன்னும் இரண்டு கிழமை போட்டுத் திரிந்தான் என்று அறிந்தபோதுதான் எனக்கு உண்மையில் கோபம் வந்தது. அந்தச் சனிக்கிழமையே கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

முதலில் பார்க்கவேண்டியது நாடாவில் தைத்திருக்கும் சின்னத் துணிச்சீட்டு. வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஓர் இலக்கமும் இருக்கும். அந்த இலக்கம் அனுமதி கொடுத்த நாட்டைக் குறிக்கும்; 1 ஜேர்மனி, 3 இத்தாலி, 11 பிரித்தானியா. கீழே உள்ள நீண்ட எண் 05 என்று தொடங்கினால் பழைய ஈ.சி.ஈ. 22.05 தரம், 06 என்று தொடங்கினால் புதிய 22.06. இரண்டையும் இங்கே சட்டப்படி அணியலாம். ஆனால் புதிதாக வாங்குபவர் 06ஐயே வாங்கவேண்டும். பழைய தரத்தில் இல்லாத ஒரு சோதனை அதில் உண்டு: தலை சரிந்து மோதும்போது எவ்வளவு திருகுப்படுகிறது என்பதையும் அளக்கிறார்கள். நேராக அடிபடுவதைவிட அந்தத் திருகல் மூளைக்குப் பொல்லாதது.

இந்தச் சோதனைகளில் கவசத்தை மோதவிடும் வேகத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். 22.05இல் செக்கனுக்கு 7.5 மீற்றர், அதாவது மணிக்கு 27 கிலோமீற்றர். நாற்பது மைல் வேகத்தில் போகிறவனுக்கு இது காணுமோ என்று மருமகன் கேட்டான். நியாயமான கேள்வி. ஓடிக்கொண்டிருந்து விழுபவரின் தலை தாரில் அடிபடும் வேகம் பெரும்பாலும் விழுந்த உயரத்தைப் பொறுத்தது; முன்னோக்கிய வேகம் வழுக்கலில் போய்விடும். 7.5 மீற்றர் என்பது ஏறக்குறைய மூன்று மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். நேரே சுவரிலோ காரிலோ மோதினால் கணக்கு வேறு. அதற்கு எந்தக் கவசமும் உத்தரவாதம் தராது.

சட்டத்துக்கு மேலதிகமாக, பிரித்தானிய அரசின் போக்குவரத்துத் திணைக்களம் 2007இல் தொடங்கிய ஷார்ப் என்ற திட்டம் கவசங்களைத் தானே வாங்கிச் சோதித்து ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. அதில் எனக்குப் பிடித்த விடயம், விலைக்கும் நட்சத்திரத்துக்கும் சம்பந்தம் குறைவு என்பது. நூறு பவுணுக்குக் குறைந்த சில கவசங்கள் ஐந்து நட்சத்திரம் எடுத்தன. அதைவிடப் பல மடங்கு விலையானவை சில மூன்றோடு நின்றன. விலையில் பெரும்பகுதி பாரக்குறைவுக்கும் வர்ணத்துக்கும் பெயருக்கும் போகிறது. இன்னொன்று: தரச்சீட்டுள்ள தலைக்கவசத்துக்கு இந்நாட்டில் வற் வரி பூச்சியம். மோட்டார் சைக்கிள் ஜாக்கற்றுக்கு 20 வீதம் கட்டவேண்டும். கணக்காளன் இதைச் சொல்லாமல் விடமுடியாது.

ஆனால் ஐந்து நட்சத்திரமும் தலைக்குப் பொருந்தாவிட்டால் வீண். தையல் நாடாவால் புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே, பின்மண்டையின் புடைத்த பகுதியைச் சுற்றி அளக்கவேண்டும். 57, 58 சென்ரிமீற்றர் பெரும்பாலான கம்பனிகளுக்கு நடுத்தர அளவு. ஆனால் கம்பனிக்குக் கம்பனி மாறும். சுற்றளவு ஒன்றாக இருந்தாலும் தலையின் உருவம் ஒன்றல்ல. சிலருக்கு நீண்ட தலை, சிலருக்கு உருண்டை. நெற்றியில் மட்டும் அழுத்தி இரு பக்கமும் வெளியாக இருந்தால் அந்தக் கவசம் உங்களுடையதல்ல. பெரிய அளவு எடுத்தாலும் சரிவராது.

புதுக்கவசம் கன்னத்தை நன்றாக அழுத்தவேண்டும். கதைக்கும்போது கன்னத்தின் உட்பக்கம் பல்லில் படும். அது சரி, கொஞ்ச நாளில் பஞ்சு இளகும். நாடாவைக் கட்டி, கவசத்தைப் பிடித்து இடம் வலம் திருப்பும்போது முகத்தோலும் கூடவே அசையவேண்டும். தோல் நிற்கக் கவசம் மட்டும் திரும்பினால் அது பெரிது. பிறகு பின்பக்கத்தால் மேலே தள்ளி முன்னுக்குக் கழற்றப் பார்க்கச் சொல்லுங்கள். கழன்றால் விபத்திலும் கழன்றுவிடும். கடைசியாக, போட்டபடியே கடைக்குள் இருபது நிமிடம் நில்லுங்கள். நெற்றியில் ஓர் இடம் மட்டும் நோகத் தொடங்கினால் அது நாளைக்குத் தலையிடி. கடைக்காரர் முகம் சுளித்தார். நாங்கள் நின்றோம். மருமகன் மூன்றாவதாகப் போட்டதுதான் பொருந்தியது.

பெண்பிள்ளைகளும் இப்போது ஓடுகிறார்கள். கொண்டையோடு போட்டால் கவசம் மேலே எழும்பி நிற்கும். கழுத்தடியில் தாழ்வாகப் பின்னிக்கொள்வது நல்லது. குளிருக்குத் தடித்த கம்பளித் தொப்பியை உள்ளே போடுவதும் அதே பிழைதான், மெல்லிய துணி போதும். முகம் முழுவதும் மூடும் வகையே என் தெரிவு, விழும்போது நாடியும் அடிபடும். கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடு போட்டுப் பார்க்கவேண்டும். மழைநாளில் முன்கண்ணாடி புகைக்காமல் இருக்க உட்பக்கம் ஒட்டும் இரண்டாவது கண்ணாடிக்குச் செலவழிக்கலாம். கறுப்புக் கண்ணாடி இரவு ஓட்டத்துக்கு வேண்டாம்.

கவசத்தைப் பக்கக் கண்ணாடித் தண்டில் கொழுவுவது எங்கள் பிள்ளைகளின் பழக்கம். அது உள்ளே ரெஜிபோமில் குழி போடும். பெற்றோல் படவே கூடாது. ஊரில் ரெஜிபோமைப் பெற்றோலில் கரைத்துப் பசை செய்த ஞாபகம் இருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கழுவ இளஞ்சூட்டு நீரும் குழந்தைகளின் ஷம்பூவும் காணும். தலைக்கு எண்ணெய் வைப்பவர்கள் உள்துணியை அடிக்கடி கழற்றிக் கழுவவேண்டும். விழாவிட்டாலும் ஐந்து வருடப் பாவனைக்குப் பிறகு மாற்றும்படி பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தங்கச்சி பழைய ஹெல்மெற்றைத் துடைத்து எடுத்து வைத்திருந்தாள். ஊருக்குப் பெட்டி போகுதாம், அங்கே பெறாமகன் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறானாம். "அங்க இருக்கிறவனுக்கும் தலைதானே, பிள்ளை" என்றேன். சமையலறைக் கத்தரிக்கோலால் அதன் நாடாவை வெட்டிய பிறகுதான் குப்பையில் போட்டேன். வெட்டாவிட்டால் வேறு யாரும் எடுத்துப் போட்டுக்கொண்டு போவார்கள்.