வெள்ளிக்கிழமை பழசு... திங்கட்கிழமை கிட்! 2,000 பேர் இடம் மாறிய கதை

குத்தாலத்து வீட்டில் உட்கார்ந்து ஐ.டி வேலை பார்க்கிறவரா நீங்க? 'டீம் முழுக்க கிட் பிளாட்ஃபார்முக்கு மாறுறோம்'னு மெயில் வந்தா, வயிற்றில் புளி கரையத்தான் செய்யும்.

கோட், பக் லிஸ்ட், டெஸ்ட், பில்டு என்று தனித்தனியாகக் கிடப்பதை ஒரே கூரையின் கீழ் கொண்டுவருவதுதான் இந்த மாற்றம். மைக்ரோசாஃப்ட் 2017-ல் விண்டோஸ் கோடையே இப்படி நகர்த்தியது. சுமார் 300 ஜி.பி, 35 லட்சம் ஃபைல்கள். வெள்ளிக்கிழமை பழைய சிஸ்டத்தில் வேலையை முடித்த சுமார் 2,000 இன்ஜினீயர்கள், திங்கட்கிழமை கிட்டில் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் பிறகு, தவணை தவணையாக.

சிக்கல் என்னன்னா, கிட் வழக்கமாக மொத்தத்தையும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இறக்கும். விண்டோஸை க்ளோன் செய்யவே 12 மணி நேரத்துக்கு மேல்! ஒரு படி நெல்லுக்காக யாராவது பத்தாயத்தையே காலி பண்ணுவோமா? அதனால், திறக்கிற ஃபைலை மட்டும் இறக்கும் வழியை உருவாக்கினார்கள். வேலை சில நிமிடங்களில் முடிந்தது.

கிட்டத்தட்ட அதே யோசனை இன்று 'பார்ஷியல் க்ளோன்' என்ற பெயரில் கிட்டிலேயே இருக்கிறது. மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பி இருக்கிறவங்க டீம் லீடிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். பழைய சர்வரையும் உடனே அணைக்காமல், படிக்க மட்டும் திறந்து வைக்கச் சொல்லுங்க. பழைய பக் நம்பரைத் தேடிக்கிட்டு யாராவது வந்து நிற்பாங்க!