வானொலி அலையில் பறக்கும் விமானம்

பெருமுக்கல் குன்றின்மேல் பருந்துகள் சிறகசையாது வட்டமிடும். அவ்வாறே சிறு விமானமொன்றைத் தரையில் நின்றபடி வானொலி அலைகளால் செலுத்துதல் ஓர் இனிய பொழுதுபோக்கு. 1898ஆம் ஆண்டிலேயே நிக்கோலா தெசுலா என்னும் அறிஞர் நியூயார்க்கு நகரில் படகொன்றை இம்முறையில் ஓட்டிக் காட்டினார். நம் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவினர் மாதிரி விமானக் கலையைப் பயில்கின்றனர்.

கைக்கருவி அலைகளை அனுப்ப, விமானத்திலுள்ள ஏற்பி அவற்றைப் பெற்றுச் சிறு மோட்டார்களால் சுக்கான் முதலியவற்றை அசைக்கும். விமானம் நம்மைவிட்டு அகலும்போது இடம் இடமே, வலம் வலமே. நம்மை நோக்கித் திரும்பியதும் இரண்டும் மாறித் தோன்றும். புதியவர் மயங்குவது அங்கேதான். அப்பொழுது தாழ்ந்த சிறகின் பக்கமே கைப்பிடியைச் சாய்த்தால் விமானம் நிமிரும்.

பறக்கவிடுதலினும் பேணுதல் அரிது. மரக்காணத்து உப்பளங்களைத் தழுவிவரும் காற்றில் ஈரமும் உப்பும் உண்டு. புளியிட்டுத் துலக்காத செப்புக்குடத்தில் படரும் களிம்பு, மின்கம்பி இணைப்புகளிலும் படரும். அங்கு மின்சாரம் தடைப்படின் விமானம் நம் ஏவலைக் கேளாது விழும். கீழே உப்பு வாரும் மக்கள் நிற்கக்கூடும். ஆதலின் பறந்த அன்றே விமானத்தை உலர்ந்த துணியால் துடைத்து, இணைப்புகளைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். மீண்டும் ஏவுமுன், கைப்பிடியை அசைத்துச் சுக்கான் உரிய பக்கம் திரும்புகிறதா என நோக்குக.