அறக்கணக்குத் தவறாத வழக்கறிஞர்

'கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவனுக்காக வாதாடுவது பாவம் அல்லவா?' என்று ஆன்மிகக் கூட்டங்களில் அன்பர்கள் கேட்பதுண்டு. தீர்ப்பு வரும்வரை ஒருவர் குற்றம் சாட்டப்பட்டவரே அன்றிக் குற்றவாளி அல்லர். ஊரே அஞ்சி விலகும் வேளையில் அவருக்குத் துணை நிற்பது எத்தகைய அறம் என்பதைத் தம் வாழ்வால் விளக்கியவர் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ்.

1870 நவம்பர் 5-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்த இவர், இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் ஆகித் திரும்பினார். தொடக்க ஆண்டுகள் எளிதாக அமையவில்லை. தந்தை புவன்மோகன் தாஸ் கையில் உள்ளதையெல்லாம் பிறருக்கு ஈந்து, பெருங்கடனில் மூழ்கியவர். அக்கடனில் மகனும் பொறுப்பேற்றிருந்தார். 1906-இல் இருவரும் நீதிமன்றத்தில் நொடிப்பு மனு அளிக்க நேர்ந்தது.

அந்த நிலையில்தான் அலிப்பூர் வெடிகுண்டு வழக்கு வந்தது. 1908 ஏப்ரல் 30 அன்று முசாபர்பூரில் வீசப்பட்ட குண்டுக்கு ஆங்கிலேயப் பெண்மணிகள் இருவர் பலியாயினர். அடுத்த சில நாட்களில் ஸ்ரீ அரவிந்தரும் அவர் தம்பி பாரீந்திரரும் மற்றும் பலரும் கைதாயினர். அரசுத் தரப்பில் வாதாட வந்தவர், சென்னையின் புகழ்பெற்ற பாரிஸ்டர் எர்ட்லி நார்ட்டன். அரவிந்தரின் தங்கை சரோஜினி பொதுமக்களிடம் வேண்டித் திரட்டிய நிதி விரைவில் கரைந்தது. அப்போது வழக்கைத் தம் தோளில் ஏற்றவர் சித்தரஞ்சன் தாஸ்.

மற்ற வழக்குகளை ஒதுக்கிவிட்டுப் பல மாதங்கள் இரவு பகலாக உழைத்தார். இருநூறுக்கும் மேற்பட்ட சாட்சிகள், ஆயிரக்கணக்கான ஆவணங்கள். பாரீந்திரர் அண்ணனுக்கு எழுதியதாகக் காட்டப்பட்ட, 'இனிப்பு' பற்றிய கடிதம் ஒன்றை அரசுத் தரப்பு பெரிதும் நம்பியிருந்தது. வெடிகுண்டைத்தான் அச்சொல் குறிக்கிறது என்பது அவர்கள் வாதம். அக்கடிதமே போலி என்று தாஸ் வாதிட்டார். நாட்டின் விடுதலையை விரும்புவதும் அதைப் போதிப்பதும் குற்றம் என்றால் அரவிந்தர் அதை மறுக்கவில்லை. சதியில் பங்கு கொண்டார் என்பதற்கோ சான்று இல்லை என்பதே அவர் வாதத்தின் சாரம். 1909 மே 6 அன்று நீதிபதி பீச்கிராப்ட், அரவிந்தரை விடுவித்தார். மரண தண்டனை பெற்ற பாரீந்திரருக்கும் உல்லாஸ்கர் தத்தருக்கும் மேல்முறையீட்டிலும் தாஸே வாதாடினார். தூக்கு, ஆயுள் தண்டனையாகக் குறைந்தது.

விடுதலையான சில வாரங்களில் உத்தரபாராவில் அரவிந்தர் ஆற்றிய உரை ஆன்மிக வரலாற்றில் தனி இடம் பெற்றது. வழக்கறிஞருக்கென்று தாம் எழுதி வைத்திருந்த குறிப்புகளையெல்லாம் விலக்கிவிடுமாறு உள்ளிருந்து ஒரு குரல் பணித்ததாகவும், தம்மைக் காக்க நாராயணனே தாஸை அனுப்பி வைத்ததாகவும் அதில் கூறினார். அடுத்த ஆண்டே அவர் புதுச்சேரி வந்து சேர்ந்தார். இன்று அங்குள்ள ஆசிரமத்தில் சமாதியை வணங்கும் நம்மவர், அந்தப் பயணத்திற்கு வழிவிட்ட வழக்கறிஞரையும் நினைவு கூர்தல் தகும்.

இனி, கடன் கதைக்கு வருவோம். வங்கிப் பணியில் கடன் கணக்குகளோடு பல்லாண்டு பழகிய எனக்குத் தாஸ் வாழ்வில் மிகவும் வியப்பளிப்பது இதுவே. காலாவதியான கடனைச் சட்டப்படி வசூலிக்க இயலாது என்று அறிந்தவுடன், வசதி இருந்தும் கைவிரித்தவர்களைக் கண்டிருக்கிறேன். நொடிப்பு நிலை அறிவிக்கப்பட்டவரைக் கடன்காரர்கள் நெருக்க முடியாது. தாஸோ, வருவாய் பெருகியதும் 1913-இல் பழைய கடன்காரர்களைத் தாமே அழைத்து முழுத் தொகையையும் தீர்த்தார். நீதிமன்றமே இதனைப் பாராட்டியது. சட்டம் விடுவித்தாலும் மனச்சான்று விடுவிக்கவில்லை என்பதே அவர் கணக்கு.

பிரம்ம சமாஜக் குடும்பத்தில் பிறந்த அவர், பின்னாளில் வைணவ பக்தியில் தோய்ந்து கீர்த்தனங்களில் உருகினார். கவிஞராகவும் திகழ்ந்தார், கடலைப் பாடிய அவரது 'சாகர் சங்கீத்' என்னும் நூலை ஆங்கிலத்தில் ஆக்கியவர் அரவிந்தரே. காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தை ஏற்று, 1921-இல் பெருவருவாய் தந்த வழக்கறிஞர் தொழிலை அடியோடு துறந்தார், சிறையும் சென்றார். 1924-இல் கல்கத்தா மாநகராட்சியின் மேயராகி, ஏழைகளுக்கு இலவசக் கல்வியும் மருத்துவமும் கிடைக்க வழிகோலினார். அவருக்குத் துணையாகத் தலைமை நிர்வாக அதிகாரியாகப் பணியாற்றியவர் இளைஞர் சுபாஷ் சந்திர போஸ்.

இறுதியில் எஞ்சியிருந்த சொந்த வீட்டையும் பெண்கள் நலனுக்கென அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். 1925 ஜூன் 16 அன்று டார்ஜிலிங்கில் மறைந்தபோது அவருக்கு வயது 54. காந்தியடிகள் முன்னின்று நிதி திரட்ட, 1926-இல் அவ்வீட்டில் 'சித்தரஞ்சன் சேவா சதன்' என்னும் மகளிர் மருத்துவமனை எழுந்தது. அவ்வளாகத்திலேயே 1950-இல் புற்றுநோய் மருத்துவமனையும் உருவானது.

கொல்கத்தா சென்று காளிகாட் அன்னையைத் தரிசிக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோயிலுக்குச் சற்றுத் தொலைவில், ஹஸ்ரா பகுதியில் அந்தச் சேவா சதன் இருக்கிறது. குழந்தைகளை அழைத்துச் சென்று அந்தக் கட்டடத்தையும் காட்டுங்கள். யாருடைய வீடு அது என்பதையும் சொல்லுங்கள்.